வாசல் தாண்டாத கார்

கார் வைத்திருப்பவர்கள் ஒரு ரகம், இல்லாதவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத ஒரு பிறவி உண்டு: படுதாக்காரர். இவரிடம் கார் இருக்கும். ஆனால் அது கார்தான் என்று நீங்கள் நம்ப, மேலே போர்த்தியிருக்கும் படுதாவைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓட்டவும் மாட்டார், விற்கவும் மாட்டார். கேட்டால், "அடுத்த மாசம் வெளிய எடுத்துடுவேன் சார், ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்பார். அந்தச் சின்ன வேலை என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைய பொழுது போச்சு.

நமது படுதாக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்தையெல்லாம் விடாமல் படித்துப் பழகிய கண் அவருக்கு. அந்தக் கண்தான் வாகன வரி விதிகளுக்குள்ளும் போய் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. தெருவில் ஓடாத வண்டிக்கு வரி வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் ஒரு சக்கரம் வாசலைத் தாண்டினாலும் வரியும் உண்டு, அபராதமும் உண்டு. எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து இருமல் மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் "சர்க்காரையே மடக்கிட்டேன்ல!" என்ற கதையும் இலவசம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்க்க வேண்டுமே! படுதாவைக் கழற்றி, தூசி தட்டி, கண்ணாடி துடைத்து, உள்ளே உட்கார்ந்து, இன்ஜினை உறும விட்டு, கண்ணை மூடி அதன் சத்தத்தைக் கேட்டு, வராத லாரிக்கு ஒரு ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் பதில் வரும்: "டிரைவிங்ல இருக்கேன்."

அந்த அம்மாள் தையல்காரி. மெஷின் இருப்பதோ கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில். யாராவது குறுக்கே போக வேண்டுமென்றால் தைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்க வேண்டும். காற்றும் வெளிச்சமுமாக இருக்கும் ஷெட்டில் கார் ராஜா மாதிரி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் வயிறு எரியாதா? எரிந்தது. ஒரு நாள் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குன்னு வரி கட்டற நாள் வந்தா, அன்னிக்கே வித்துடணும். ஷெட்டு எனக்கு. சம்மதமா?"

"தாராளமா!" என்றார் அவர். அந்த நாள் எங்கே வரப்போகிறது?

வந்தது, ஒரு வியாழக்கிழமை. வரி அலுவலகத்து இன்ஸ்பெக்டர் வந்தார். சாதுவான மனிதர். வண்டி வீட்டுக்குள்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், படுதாவின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "சரியாப் போச்சு. இதுவாவது தெருவுக்கு வர்றதாவது! பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று சிரித்தார்.

வேலை முடிந்தது. ஒரு காபியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எந்தப் படுதாக்காரருக்கு அந்த விவேகம் இருந்திருக்கிறது? நம்மவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க? ஒரே ஸ்டார்ட் சார் இது!" என்று படுதாவை உருவி எறிந்தார், ஏறினார், சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது.

"சத்தமெல்லாம் வரும் சார்," என்றாள் மனைவி, ஜன்னலுக்குள்ளிருந்து. "நகர்ந்துதான் நான் பார்த்ததில்ல."

பெற்ற பிள்ளையை யாரோ மக்கு என்று சொன்னதைப் போல அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கியரைப் போட்டார். வெளிக்கதவு ஏனோ அன்றைக்குக் காலையிலிருந்தே ஆவென்று திறந்து கிடந்தது. ஆகா, கார் ஓடியது! எத்தனை வருஷத்து ஆசை! பூப்போல உருண்டு வாசலைத் தாண்டி முன்சக்கரம் இரண்டும் தெருவில் இறங்க, தலையை வெளியே நீட்டி, "பாத்தீங்களா சார்!" என்று கூவினார். அந்த நொடியில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் யாருமில்லை.

"பிரமாதம் சார், நல்லாவே ஓடுது," என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் நம்மவர் சக்கரத்தைப் பார்த்தார். "சார்... பின்சக்கரம் ரெண்டும் உள்ளதானே இருக்கு?"

"அதுக்காகப் பாதி வரி போட முடியாதே சார்."

சரி, வந்த வழியே போய்விடலாம் என்று ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். காலியான ஷெட்டுக்குள் மனைவி அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அப்படியே இருங்க. உள்ள வந்துடாதீங்க, அளந்துட்டிருக்கேன்."

என்ன சிரிப்பு? உங்களிடம் கார் இல்லை, அதனால் தப்பித்தோம் என்றா? இருக்கட்டும். உங்கள் வீட்டு மூலையில் ஈரத் துண்டு காய்கிற அந்த நடைப்பயிற்சி மெஷின், தந்தி அறுந்த கிடார், அட்டைப்பெட்டி பிரிக்காத தையல் புத்தகங்கள் – "அடுத்த மாசம்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்? இதைப் படித்து முடித்ததும் மெல்லத் திரும்பிப் பாருங்கள். பின்னால் யாராவது அளவு நாடாவோடு நின்றால், தயவுசெய்து அது ஓடுகிறது என்று மட்டும் நிரூபித்துக் காட்டாதீர்கள்.