நேர்த்தி அக்காவும் நான் தின்னாத மீனும்

இத்தாலியிலை, பலெர்மோவிலை இருக்கிற தமிழ்ச்சனத்திலை பாதிப்பேர் இண்டைக்கு மனிசராய்த் திரியிறதுக்குக் காரணம் ஒரேயொரு மனிசிதான். மிச்சப் பாதிப்பேர் அந்த மனிசியைக் கண்டவுடனை அடுத்த ஒழுங்கையாலை ஓடுறதுக்கும் காரணம் அவதான். நான் ரெண்டு பாதியிலையும் இருந்திருக்கிறன்.

அவவின்ர பேர் என்னெண்டு எனக்குத் தெரியாது. பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட விசாவிலை ஏதோ ஒரு பேர் இருக்கத்தானே வேணும். அது விசாக் குடுக்கிற குவெஸ்தூராப் பொலிஸ்காரனுக்கும் அவவுக்கும் மட்டும் தெரிஞ்ச பேர். எங்களுக்கு அவ நேர்த்தி அக்கா. போர்கோ வெக்கியோவிலை எங்கடை கட்டடத்தின்ர கீழ்வீட்டிலை தனிய இருந்தா. சம்பளத்துக்குச் செய்தது, சீசா எண்ட பகுதியிலை ஒரு கிழட்டுச் சினோராவை, அதுதான் இத்தாலிக்கார அம்மாவை, பார்க்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் நேர்த்தி வைக்கிறதுதான்.

நேர்த்தி வைக்கிறது எங்கடை சனத்துக்குப் புதினமில்லை. வருத்தம் மாறினால் காவடி எடுக்கிறன், விசா கிடைச்சால் தேங்காய் உடைக்கிறன் எண்டு எல்லாரும் வைக்கிறதுதான். இஞ்சை வந்தாப்பிறகு மலையிலை இருக்கிற சாந்தா ரொசாலியாவுக்கும் வைப்பினம். முந்தி அந்த மலைக்குகைக்குள்ளை தனியத் தவம் கிடந்து, இப்ப இந்த ஊரையே காக்கிற புனிதை அவ. நெத்தியிலை திருநீற்றோடை அந்த மலை ஏறுறதிலை எங்கடை ஆக்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. "முருகன் தூரத்திலை இருக்கிறார், இவ பக்கத்து மலை. அவசரத்துக்குக் கிட்ட இருக்கிற ஆளைத்தானே கூப்பிட வேணும்?" எண்டு அக்கா விளக்கம் சொல்லுவா.

எல்லாம் சரி. மற்றவை தங்கடை தலையிலை தங்கடை நேர்த்தியை வைப்பினம். அக்கா வைக்கிறது அடுத்தவன்ர தலையிலை.

ஒருக்கா ஒரு பெடியனுக்குப் பெர்மெஸ்ஸோ வராமல் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. கிடைச்சால் அவன் மீசையை எடுப்பான் எண்டு அக்கா நேர்த்தி வைச்சிட்டா. அவனிட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை. கலியாணம் பேசிக்கொண்டிருந்த பெடியன். பொம்பிளை வீட்டுக்கு அனுப்பின படத்திலை பார்க்கக்கூடியதாய் இருந்ததே அந்த மீசை மட்டும்தான். பெர்மெஸ்ஸோ வந்துது, பெடியன் ஒளிச்சுத் திரிஞ்சான். அக்கா வுச்சீரியாவிலை சந்தை நடுவிலை ஆளைப் பிடிச்சு, கொலரிலை கொழுவி இழுத்துக்கொண்டு போய் சலூன் கதிரையிலை இருத்தினா. இன்னொரு வீட்டிலை, மகன் சோதினை பாஸ் பண்ணினால் தகப்பன் பியரைத் தொடமாட்டான் எண்டு வைச்சா. மகன் பாஸ். தகப்பன் இண்டைவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை.

"ஏன் அக்கா, உங்கடை தலையிலை ஒண்டும் வைக்க மாட்டியளோ?" எண்டு ஒருநாள் கேட்டன்.

"எனக்கு ஒண்டும் தேவையில்லையே தம்பி. தேவைப்படுறவன்தானே குடுக்கவேணும். நான் வெறும் தபால்காரி."

இப்படிப்பட்ட மனிசி என்ர வீட்டுக் கதவைத் தட்டினது, என்ர மனிசி சுகந்திக்கு மார்பிலை புற்றுநோய் எண்டு டொக்டர் சொல்லிக் கொஞ்ச நாளையாலை.

அப்ப எங்கடை வீடு கிடந்த கிடையைக் கேக்காதேங்கோ. நான் ஹார்பருக்குக் கிட்ட ஒரு மீன் ரெஸ்ரோறன்ரிலை குசினி வேலை. அங்கை இருவது பேருக்கு ஒரே நேரத்திலை சாப்பாடு போகும். வீட்டிலை எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. என்ர மகள் மாதுமிக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை பின்ன வெளிக்கிட்டால், அவள் கண்ணாடியைப் பார்த்திட்டு, "மா கே ஃபாய், அப்பா! என்ன செய்யிறியள்? இது சடையே இல்லை, வள்ளம் கட்டுற கயிறு" எண்டு கத்துவாள். சுகந்தி கட்டிலிலை கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்க வந்த சனமெல்லாம் ஹோர்லிக்ஸையும் அப்பிளையும் மேசையிலை வைச்சிட்டு, இதே வருத்தம் வந்து ஆர் ஆர் செத்தவை எண்டு ஆறுதலாய் இருந்து சொல்லிப்போட்டுப் போச்சினம்.

அக்கா அப்பிளும் கொண்டு வரேல்லை, ஹோர்லிக்ஸும் கொண்டு வரேல்லை. வாசல்லை நிண்டபடியே சொன்னா:

"தம்பி, நேர்த்தி வைச்சிட்டன். இவளுக்குச் சுகம் வருமட்டும் நீ மச்சம் தின்னமாட்டாய்."

"அக்கா! நான் வேலை செய்யிறதே மீன் ரெஸ்ரோறன்ரிலை!"

"பார்க்கலாம். மணக்கலாம். தின்ன ஏலாது."

"அவளுக்கு வருத்தம் வந்ததுக்கு நான் ஏன் மீனை விடவேணும்?"

"பின்னை வருத்தக்காரியையே விடச்சொல்லுறது? விசரா!"

எனக்குச் சாமி பூதம் ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை. ஆனால் மனிசி அந்தக் கிடை கிடக்கேக்கை, வைச்ச நேர்த்தியை மாட்டன் எண்டு சொல்ல எந்த ஆம்பிளைக்கு நெஞ்சு வரும்? பல்லைக் கடிச்சுக்கொண்டு சரி எண்டன். கதவை இறுக்கிச் சாத்தினன். உள்ளுக்குக் கிடந்து சுகந்தி, "நல்லாய் வேணும்" எண்டாள்.

என்னோடை மட்டும் முடிஞ்சிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் மேல்வீட்டு ஜெயா அழாக்குறையாய் வந்து நிண்டாள். தான் சுகந்தி வேலை செய்யிற சினோரா வீட்டுக்குப் போய், சுகந்தி எழும்புமட்டும் அவளின்ர இடத்திலை நிண்டு வேலை செய்து, அந்த இடத்தைக் காப்பாத்திக் குடுக்கவேணுமாம். அக்கா ஏற்கெனவே ரொசாலியாவுக்குச் சொல்லியாச்சாம். ஜெயாவின்ர மனிசன் மாதுமியைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகவேணும். அதையும் சொல்லியாச்சாம். அந்த மனிசன் விடியப் பல்லு விளக்கவே பஞ்சிப்படுற ஆள். பாவம், ஒரு கையிலை பிள்ளையின்ர புத்தகப்பையும் மற்றக் கையிலை சீப்புமாய் ஒவ்வொரு நாளும் படியிறங்கினார். தலை பின்னுறதும் நேர்த்தியிலை சேர்த்தியாம்.

பிறகு, தமிழ்நாட்டிலை இருந்து இஞ்சத்தை யூனிவர்சிற்றிக்கு வந்த ஆராய்ச்சித் தம்பி ஒருத்தரைப் பிடிச்சா. எங்கடை தெருவிலை வாடகைக்கு இருந்த பிள்ளை, இத்தாலியன் தண்ணி மாதிரிக் கதைப்பார். டொக்டரிட்டைப் போற நாளெல்லாம் கூடப்போய் மொழிபெயர்க்கவேணும் எண்டு அவற்ரை தலையிலை வைச்சா.

அந்தத் தம்பி பவ்வியமாய்ச் சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாதுங்க."

"உனக்கு ரொசாலியாவிலை நம்பிக்கை இல்லாட்டி என்ன? அவவுக்கு உன்னிலை இருக்கு. செவ்வாய்க்கிழமை காலமை வெளிக்கிட்டு நில்லு."

எல்லாத்துக்கும் உச்சம், கீழை சந்தையிலை மீன் விக்கிற தோத்தோ. எங்கடை கட்டடத்திலை லிஃப்ற் இல்லை. கீமோ ஏத்திப்போட்டு வந்தால் சுகந்தியாலை மூண்டாம் மாடிக்கு ஏற ஏலாது. என்ர இடுப்புத் தூக்குற இடுப்பு இல்லை. அக்கா நேரை தோத்தோவின்ர தட்டுக்கு முன்னாலை போய் நிண்டு, தன்ர இத்தாலியனிலை அறிவிச்சா: "தூ போர்தாரே. சாந்தா ரொசாலியா குவார்தாரே." நீ தூக்குறது, ரொசாலியா பார்க்கிறது. அவ்வளவுதான். தமிழன் முருகனுக்கு டிமிக்கி குடுத்தாலும் குடுப்பான். பலெர்மோக்காரன் ரொசாலியாவுக்குக் குடுக்கமாட்டான். தோத்தோ நெஞ்சிலை சிலுவை போட்டுக்கொண்டு, கத்தியைக் கீழை வைச்சான்.

முதல்நாள் தூக்கினான். பாதிப்படியிலை மீன் நாத்தத்துக்குச் சுகந்தி அவன்ர தோளிலையே சத்தி எடுத்தாள். அடுத்தமுறை மனிசன் குளிச்சு முழுகி, ஒரு போத்தல் செண்டை அப்படியே மேலிலை ஊத்திக்கொண்டு வந்தான். அண்டைக்கு ரெண்டுதரம் சத்தி எடுத்தாள். "பரவாயில்லை சினோரா, பரவாயில்லை" எண்டு சொல்லிச் சொல்லி, கண்ணாலை தண்ணி வழிய அந்த ஆள் ஏறினான். அவனும் அழுதான், பின்னாலை செருப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு நானும் அழுதன்.

எனக்கு மட்டும் அக்காவிலை கோவம் அடங்கேல்லை. ரெஸ்ரோறன்ரிலை வாள்மீனைப் பொரிச்சு அடுக்குவன். வீட்டை வந்து ஜெயா வைச்சுவிட்ட பூசணிக்காய்க் கறியைத் தின்னுவன். கணவாயைக் கனவிலை கண்டன். ஒருநாள் குசினியிலை ஒரு இறால், ஒரேயொரு இறால், கையிலை எடுத்திட்டன். எடுத்த கையோடை சுகந்தியின்ர முகம் வந்துது. இறாலைத் திரும்ப வைச்சிட்டு அக்காவைத் திட்டினன்.

மழைக்காலம் தொடங்க, சுகந்தி உடைஞ்சு போனாள். வாய் முழுக்கப் புண். தண்ணி விழுங்கினாலும் நெருப்பு. தலைமயிர் போனதைக்கூடத் தாங்கினவள், ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுற நேரம் கட்டிலை விட்டு எழும்பேல்லை.

"இனி ஏலாதப்பா. என்னை விடுங்கோ."

"இன்னும் கொஞ்சம்தான் சுகந்தி..."

"அந்தக் கொஞ்சம்தான் ஏலாமல் கிடக்கு. நான் போகேல்லை."

கெஞ்சிப் பார்த்தன், பேசிப் பார்த்தன். டொக்டர் தெளிவாய்ச் சொல்லியிருந்தவர், நடுவிலை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண், வருத்தம் திரும்பி வரும் எண்டு. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. படியிலை தோத்தோ காத்துக்கொண்டு நிக்கிறான். நான் கீழ்வீட்டுக்கு ஓடினன்.

அக்கா வந்து கட்டில்லை இருந்தா. சுகந்தி அவவைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், என்ர பேரிலை இனி ஒருத்தரையும் கஷ்டப்படுத்தாதேங்கோ. எனக்குக் காணும்."

அக்கா சந்தை விலை கதைக்கிற குரல்லை சொன்னா:

"சரி பிள்ளை, போகாதை. உன்ர விருப்பம். ஆனால் ஒண்டு யோசி. நான் வைச்சதெல்லாம் உனக்குச் சுகம் வருமட்டும் எண்டுதான். நீ இடையிலை விட்டால் ஒருத்தருக்கும் விடுதலை இல்லை. உன்ர மனிசன் சாகும்வரைக்கும் பூசணிக்காய். ஜெயாவின்ர மனிசன் மாதுமிக்குக் கலியாணம் முடிஞ்சாலும் விடிய வந்து தலை பின்னவேணும். அந்தப் படிச்ச பெடியன் ஊருக்குப் போக ஏலாது. தோத்தோவை நினைச்சுப் பார். அந்த ஆள் தூக்குறதுக்கு ஆளில்லாமல் தெருத்தெருவாய் அலைவான். போறவாற சினோராமாரை எல்லாம் தூக்குவான். பொலிஸ் பிடிக்கும்."

பிறகு கட்டில் ஆடிச்சுது. அழுகிறாள் எண்டு நினைச்சு ஓடிப்போய்ப் பார்த்தன். சிரிக்கிறாள்! சிரிச்ச சிரிப்பிலை வாய்ப்புண் வெடிச்சு ரத்தம் வருது, துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறாள். "பொலிஸ் பிடிக்குமோ... ஐயோ, பாவம் தோத்தோ..." எண்டு மூச்சு வாங்கினாள். பிறகு காலைக் கீழை போட்டாள். "செருப்பைத் தாங்கோ" எண்டாள்.

அண்டைக்குப் போனாள். அதுக்குப் பிறகும் போனாள். கடைசி ஊசியும் ஏத்தி, ஒப்பரேசனும் முடிஞ்சு, வெயில் காலத்திலை டொக்டர் படங்களைப் பார்த்திட்டு, இனி இடைக்கிடை வந்து காட்டினால் காணும் எண்டார். ஆராய்ச்சித் தம்பி அதை மொழிபெயர்க்கிறதை மறந்துபோய், என்ர தோளைப் பிடிச்சு உலுப்பினார். எனக்கு விளங்கிட்டுது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாய் நேர்த்தி முடிக்க மலைக்குப் போனம். சுகந்தி, தலையிலை ஒரு விரலளவு மயிரோடை, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பஸ்ஸாலை இறங்கினாள். தோத்தோ குடும்பத்தோடை, தன்ர உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியும் கொண்டு வந்தான். அக்கா முன்னுக்கு நடந்தா. விறுவிறெண்டு நடந்து, விளையாட்டுச் சாமான் விக்கிற கடைக்குள்ளை போயிட்டா. வெளியிலை வந்து மற்றப் பக்கம் போனா. அது கழிப்பறை. கடைசியிலை கடைக்காரனைப் பிடிச்சு, "சாந்தா ரொசாலியா தோவே?" எண்டு கேட்டா. ரொசாலியா எங்கை எண்டு!

ரொசாலியாவின்ர குகைக்கு ஏறுற படிக்கட்டு எங்களுக்கு முன்னாலை கிடக்குது. நாங்கள் எல்லாரும் அக்காவையே பார்த்துக்கொண்டு நிக்கிறம்.

"அக்கா... நீங்கள் இஞ்சை வந்ததே இல்லையோ?"

"எனக்கு எங்கையடா நேரம்? உங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கவே நேரம் காணாது."

"அப்ப நேர்த்தி? ரொசாலியாவுக்குச் சொல்லியாச்சு எண்டியள்?"

"அவ கோவிக்கமாட்டா. குகைக்குள்ளை தனியக் கிடந்தவதானே, ஆளுதவியின்ர அருமை அவவுக்குத் தெரியும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிச்சுது. "வருசம் முழுக்க நான் மீன் தின்னேல்லை, அக்கா! ஒரு இறால்கூட! ஏன் இந்தப் பொய்? உதவி செய்யுங்கோ எண்டு நேரை கேட்டிருந்தால் செய்யமாட்டமோ?"

அக்கா படியிலை இருந்தா. சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா.

"செய்வியள். முதல் கிழமை செய்வியள். வன்னியிலை என்ர மனிசன் வருத்தத்திலை படுத்த நேரம் முதல் கிழமை வீடு நிறையச் சனம். எல்லாம் நல்ல சனம். ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவை. எனக்கு வந்து சோறு வடிச்சுத் தாங்கோ, அவரைத் தூக்கிக் குளிக்க வார்க்க ஒரு கை தாங்கோ எண்டு ஆருக்கடா வாய் வரும்? எனக்கு வரேல்லை. பிறகு நானும் அவரும் மட்டும்தான். அவர் போனாப்பிறகு திரும்பவும் வீடு நிறையச் சனம்."

என்ன நடக்குதெண்டு விளங்காமல் தோத்தோ ஆராய்ச்சித் தம்பியிட்டைக் கேட்டான். அந்தத் தங்கமான பிள்ளை, அக்காவுக்குக் களைப்பாய் இருக்காம் எண்டு இத்தாலியனிலை மறுமொழி சொன்னார். உடனை தோத்தோ மெழுகுதிரியை மனிசியிட்டைக் குடுத்திட்டு, அக்காவைத் தூக்கக் குனிஞ்சான். "எடேய், விடடா! நாத்தம் பிடிச்சவனே!" எண்டு அக்கா குழறின குழறலிலை சுகந்தி சிரிச்சுக்கொண்டு போய் அவவுக்குப் பக்கத்திலை இருந்து, தோளிலை சாய்ஞ்சாள். ரெண்டுபேரும் அப்படியே இருந்திச்சினம்.

நான் தனியப் படியேறிக் குகைக்குள்ளை போனன். உள்ளுக்குக் குளிர், கல்லெல்லாம் ஈரம். கும்பிட்டுப் பழக்கமில்லாத கை, எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. என்னாலை அவவிட்டைக் கேக்க ஏலுமாய் இருந்தது ஒண்டே ஒண்டுதான்: "தாயே, எங்கடை அக்காவுக்கு ஒரு வருத்தமும் குடுத்திடாதை. குடுத்தால், மூண்டாம் மாடியிலை நான் இருக்கிறன், வந்து எனக்குச் சொல்லு. அவ வாய் திறந்து கேக்கமாட்டா."