நீ வைத்துவிட்டுப் போன எதிரி

என் உருண்டைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. கடிதம் என்றால் அடுத்த வரியில் உன் நலத்தைக் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். இன்னும் தெரியவில்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஐந்தாவதோடு நின்றது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியத்தான். அப்போது நீ இருந்த கனத்துக்கு எவளால் பள்ளிக்கூடம் போக முடியும்?

எத்தனையோ தம்பிமார் போகும்போது அக்காவுக்கு வீடு வைத்துவிட்டுப் போகிறார்கள், நிலம் வைத்துவிட்டுப் போகிறார்கள். நீ எனக்கு ஒரு எதிரியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். வேலை நடக்கிற இடத்தில் மட்டம் பார்க்கச் சொல்லிக்கொண்டே மணல் குவியலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை என்று உன் மேஸ்திரி வந்து சொன்னார். அதன்பின் நடந்தது எதுவும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு நம் வக்கீல் வந்தார். உன் ஆபீஸில், அதுதான் நம் முன்னறையில், நீ மாதிரிக்கு வாங்கிக் குவித்த கம்பி, குழாய், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் தாண்டி வந்து, உட்கார இடமில்லாமல் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "அம்மா, தம்பிக்கு வேற யாரும் இல்லே. நீங்கதான் வாரிசு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குன்னு எதுவும் வெச்சுட்டுப் போயிருக்கானா சார்?" என்று கேட்டேன். "வெச்சிருக்காரும்மா. ஒரு கேஸ்" என்றார்.

வேறு யாரும் இல்லாதது யார் குற்றம்? கல்யாணம் பேசப் போன வீட்டில் பெண்ணைப் பாருடா என்று உட்கார வைத்தால், நீ எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, "யாருங்க பூசினது? ரெண்டு மழை தாங்காது" என்றாய். பூசியவர் பெண்ணுடைய அப்பா.

உன் தொழிலின் சரித்திரம் எனக்குத் தெரியாதா? நீ முதலில் கட்டியது பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு. கோழி உள்ளே போனது, தின்று கொழுத்தது, வெளியே வர வாசல் போதவில்லை. அவர்கள் கூட்டைப் பிரித்தார்கள். "நான் கட்டினது சரிதான், கோழி பெருத்தா நானா பொறுப்பு?" என்று நீ வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாய். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். கோழிக்கூடு குடோன் ஆயிற்று, குடோன் ஃபேக்டரி ஆயிற்று, வாய் மட்டும் அதேதான். ஒருத்தருக்கு லாரி திரும்புகிற இடத்தில் தூணை நிறுத்தினாய், "முதலாளி கை காட்டின இடம்" என்றாய். இன்னொருத்தருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினாய், ஏணியே வைக்கவில்லை, "அவர் ஏணி கேக்கவே இல்லையே" என்றாய். உனக்கு வேலை கொடுத்தவர்களெல்லாம் அடுத்தபடியாக வக்கீலுக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் ஒன்று, யார் கேட்டாலும் சொல்லுவேன், நீ எவனையும் ஏமாற்றியதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாய். சொல்கிறவன் யோசித்துத்தான் சொல்கிறானா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்க மாட்டாய், அவ்வளவுதான்.

தகர டப்பா செய்கிற முதலாளி விஷயத்திலும் அதுதானே நடந்தது. நீ தகரம் என்று பேர் வைத்தாயே, அந்த மனுஷர்தான். கொட்டகை பாதி எழும்பும்போதே அவசரப்பட்டு அந்த மலை மாதிரி பிரஸ் மிஷினைக் கொண்டுவந்து உள்ளே இறக்கிவிட்டார். அன்றைக்குப் பார்த்து மழை சாய்த்து அடித்தது. நனைந்துகொண்டே, "அந்தப் பக்கத்தை முழுசா அடைச்சுத் தொலைப்பா!" என்று கத்தினாராம். நீ முழுசாக அடைத்துத் தொலைத்தாய். எதிர்ப்பக்கம் ஆள் நுழைகிற கதவு ஒன்று, அவ்வளவுதான். மிஷின் கிழடு தட்டி, புது மிஷின் லாரியில் வந்து நின்ற அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது, பழசு வெளியே வராது, புதுசு உள்ளே போகாது. பெரிய கதவு வைக்காதது உன் தப்பு என்று அவர் வழக்குப் போட, தொழிலில் உன் பேரைக் கெடுத்தார் என்று நீ வழக்குப் போட, தீர்ப்பு வரும்வரை அந்தச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கிழட்டு மிஷின் உள்ளே இருமிக்கொண்டு கிடக்கிறது, புது மிஷின் வெளியே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் உன் சுவர்.

நான் முதல் தடவை கோர்ட்டுக்குப் போன கதையைக் கேள். வராந்தாவில் பெஞ்சு, பெஞ்சு முழுக்க ஆட்கள், ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்காராத குறை. பேர் கூப்பிடுகிறவர் வாசலில் வந்து நின்று ஒரு பேரை மூன்று தடவை கூப்பிட்டார். யாரோ பெரிய மனுஷனைக் கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்று நான் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீல் உள்ளேயிருந்து தலைதெறிக்க ஓடிவந்து, "என்னம்மா உக்காந்திருக்கீங்க, உங்க தம்பியைத்தான் கூப்பிடுறாங்க!" என்றார். பின்னே, உன் முழுப்பேரை நம் வீட்டில் எவர் சொன்னார், எனக்குச் சட்டென்று விளங்க? எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, விசுக்கென்று எழுந்து உள்ளே போய், "இதோ வந்துட்டான் ஐயா, கை கழுவிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. ஜட்ஜ் ஐயா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "யாரும்மா வந்துட்டாரு?" என்று கேட்டார். வக்கீல்தான், "இறந்தவரோட அக்கா, ஐயா. வாய்ப் பழக்கத்துல சொல்லிட்டாங்க" என்றார். ஜட்ஜ் ஐயா திட்டவில்லை. அடுத்த தேதியைக் கொடுத்து, "பார்த்துப் போங்கம்மா, படி வழுக்கும்" என்றார்.

அதன்பின் காகிதத்தில் உன் பேர், இறந்துபோனது, உனக்குப் பதில் அக்கா என்று எல்லாம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கூப்பிடுகிறவருக்கு அவ்வளவையும் வாசிக்க மூச்சு இல்லை, உன் பேரோடு நிறுத்திக்கொள்கிறார். நல்ல வெண்கலக் குரல். ஒவ்வொரு தேதிக்கும் நான் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுகிறேன். வெளியே யாரிடமாவது உன் பேச்சை எடுத்தால், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "சாப்டீங்களாக்கா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நீ வர வேண்டும் என்று வாய்விட்டுக் கூப்பிடுகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் இருக்கிறது.

இதில் தகரம் வேறு. அவரை நான் பார்த்த பார்வையில் எரிந்து போயிருக்க வேண்டும், ஆனால் மனுஷர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்கிறார். "அக்கா, உங்க தம்பி இருந்தப்ப கோர்ட்டுக்கு வர்றதுக்கே ஒரு தெம்பு இருந்துச்சு. என்னை நேருக்கு நேரா யோவ் தகரம்னு கூப்பிட ஒரு ஆள் இருந்தான். இப்ப பாருங்க, போற பக்கமெல்லாம் சார், சார்ங்கிறாங்க. சப்புனு இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினார். "போய்யா தகரம்" என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, போ! அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "சமாதானமாப் போயிடலாம்க்கா. நீங்க ஒண்ணும் தர வேணாம், நானும் ஒண்ணும் கேக்கலே. சுவரை நானே உடைச்சுக்கறேன். உங்க கையெழுத்து ஒண்ணுதான் வேணும். பழசு நாளுக்கொரு தரம் படுத்துக்குது, வேலை செய்யற பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்குதுங்க."

நியாயம்தான். எனக்கும் தெரிகிறது. ஆனால் கை வரவில்லை. முதல் தடவை கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். அடுத்த தடவை கண்ணாடி இருந்தது, கைச்சுளுக்கு என்றேன். வக்கீல் பொறுமை இழந்து, "நம்ம பக்கம் நஷ்டமே இல்லேம்மா, அப்புறம் என்ன தயக்கம்?" என்றார். சொல்லவும் வெட்கமாக இருந்தது. "கையெழுத்துப் போட்டா, அப்புறம் அவன் பேரைக் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கேஸே இருக்காதேம்மா. எதுக்குக் கூப்பிடுவாங்க?"

"அப்ப நான் போடலே."

"இந்தக் காரணமெல்லாம் சட்டத்துல இல்லேம்மா."

"இல்லாட்டி என்ன, எழுதிச் சேத்துக்கச் சொல்லுங்க."

வக்கீல் பையை மூடிக்கொண்டு, வாரிசு என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஆகையால் என் முடிவு இதுதான், நீ அறிய எழுதுகிறேன். என் உடம்பில் மூச்சு இருக்கிறவரை கையெழுத்துப் போடப் போவதில்லை. தகரம் பாவம்தான், பிள்ளைகள் பாவம்தான், இருக்கட்டும். நாளைக்கும் தேதி இருக்கிறது. போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன்.

மேஸ்திரி தினமும் வந்து உன் வண்டியைத் துடைத்துவிட்டுப் போகிறார். வக்கீல் உன்னை ரொம்ப நினைத்துக்கொள்வதாகச் சொன்னார், நினைக்காமல் என்ன செய்வார், அவர் வீட்டு மாடியே உன் கேஸ்களால் எழும்பியதுதானே. நீ இருக்கிற இடத்தில் வெறும் தலையோடு வெயிலில் நிற்காதே. யார் என்ன சொன்னாலும் ஒரு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுச் செய். நூறு வயசுக்கு நன்றாக இரு என்று எழுதத்தான் கை போகிறது. கையை நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்த அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முடிவு என்று இருக்கிற இடத்தை அடித்துவிட்டுப் படி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் போனால் வெண்கலக் குரல்காரர் லீவு. அவர் இடத்தில் நின்றவன் கொட்டாவி விட்டுக்கொண்டே உன் பேரில் பாதியைச் சொன்னான், மீதியை முழுங்கிவிட்டான். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒழுங்காக் கூப்பிடுப்பா" என்றேன். "ஆள் வந்தாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றான். இப்படிக் கூப்பிடுவதற்குக் கூப்பிடாமலே இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. வக்கீலின் பேனாவை நானே பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டேன்.

சுவரை உடைக்கிறார்கள், வந்து நில்லுங்கள் என்று தகரம் கூப்பிட்டார். போனேன். அன்றைக்கு உடையவில்லை. கடப்பாரை வளைந்தது. மறுநாள் துளை போடுகிற மிஷின் வந்தது, அதன் முனை முறிந்தது. இன்றைக்கு எங்கிருந்தோ பெரிய ஆட்களாகக் கூட்டிவந்தார்கள், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குக்கூடப் பள்ளம் விழவில்லை. எந்தப் பாவி கட்டினான் என்று அவர்கள் கேட்க, தகரம் மார்பைத் தட்டிக்கொண்டு உன் முழுப்பேரையும் சொல்லிவிட்டார். காலையிலிருந்து சம்மட்டி விழுகிறபோதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். கோர்ட்டில்கூட அவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். உடைக்கிறவர்களின் தலைவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அம்மா, கட்டினவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றான். "தம்பி" என்றேன். "அப்ப அவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்கம்மா, தெரியாம எங்களால ஆகாது" என்றான். சரி, கேட்டுச் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தகரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாளைக்குக் காலையில் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லுடா, அந்தச் சுவருக்குள்ளே அப்படி என்னத்தைப் போட்டுத் தொலைச்சே?