எண்பது கோடிக்கு ஏற்ற சிப்

மீட்டர் மறுபடியும் பூஜ்யம் காட்டியது. மாப்பிள்ளை அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். அப்போதும் பூஜ்யம்தான்.

அந்த எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையின் முதலாளி அவர் மனைவியின் அண்ணன். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. மனைவியும் அங்கேயேதான் கணக்கு எழுதினாள். "இவர் பார்த்துப்பாருண்ணா" என்று அவள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த முதல் பெரிய வேலை இது.

படகுகளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி செய்கிறவர் ஒருவர், காலையில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் அலை விநாடிக்கு எண்பது கோடி முறை அதிர வேண்டும். பட்டறை மீட்டரோ பத்துக் கோடிக்கு மேல் எண்ணாது. நடுவில் ஒரு சிப்பை வைத்து, அதிர்வைப் பத்தால் வகுத்துக் கொடுத்தால் எண்ணிவிடும். எந்தச் சிப் என்பதுதான் வழக்கு. மாப்பிள்ளை ஒயரை மாட்டி, கருவியின் சுவிட்சைப் போட்டு, காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ள, ஓடுதா?"

"சிப்பு மந்தம் மச்சான். எண்பது கோடிக்கு இதால ஈடு கொடுக்க முடியல."

"அப்ப வேகமானதா போடுங்க."

போட்டார். அதுவும் பூஜ்யம்.

"இதுவும் சோம்பேறி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே வேகமான சிப்பைக் கேட்டார். விலை அதிகம்; சும்மா விட்டாலும் தானாக அதிரும் அளவுக்குத் துடிப்பான ரகம். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரிச் சாவியைக் கொடுத்தார்.

இந்த முறை எண்கள் வந்தன. ஆனால் நிற்கவில்லை. பத்தால் பெருக்கிப் பார்த்தால் ஒரு சமயம் அறுபது கோடி, அடுத்த சமயம் தொண்ணூறு கோடி. சிப்பைத் தொட்டார், விரல் சுட்டது.

"சூட்டுல உளறுது" என்று மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பினார். ஃபேன் மோட்டாரின் மின்தொல்லையும் உள்ளே புகுந்து, எண்கள் பேயாட்டம் ஆடின. சிப்பைச் சுற்றி உலோக மூடி போட்டால்தான் அடங்கும். அவர் பார்வை மனைவியின் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் போய் நின்றது.

"அதை எதுக்குத் தொடுறீங்க?"

"காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை..."

"என் டப்பாவுலயா?"

"ஒண்ணு இல்ல, நாலு."

"நாளைக்குச் சோத்தை எதுல கொண்டு வர்றது? உங்க தலையிலயா?"

"என் மானம் போகுது."

"அண்ணன்கிட்ட உங்களுக்காகப் பேசினேனே, என் மானமும் சேர்ந்துதான் போகுது. எடுத்துத் தொலைங்க!"

நாலு ஓட்டையோடு டப்பா சிப்பின் மேல் கவிழ்ந்தது. எண்கள் அடங்கின. எண்பது கோடிக் கணக்கில் வந்து அசையாமல் நின்றன.

சரியாக அப்போது கருவிக்காரர் உள்ளே வந்தார்.

"பாருங்க சார்!" முதலாளி மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "உங்க கருவி கல்லு மாதிரி நிக்குது! எல்லாம் சிப்பைத் தேர்ந்தெடுக்கறதுல இருக்கு. பூஜ்யம் பூஜ்யம்னு சொன்ன ரெண்டையும் எங்க மாப்பிள்ளை குப்பையில வீசிட்டாரு!"

மாப்பிள்ளை அடக்கமாகச் சிரித்தார். மனைவி, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, அவரைப் பெருமையோடு பார்த்தாள்.

கருவிக்காரர் மீட்டரைப் பார்த்தார். தன் கருவியைப் பார்த்தார். பிறகு தோள்பையைத் திறந்து உள்ளே கைவிட்டார்.

"கல்லு மாதிரிதான் நிக்குது. ஆனா நான் இன்னும் பேட்டரியே போடலையே சார்?"