நண்டின் கொடுக்கும் நரியின் வாய்தாவும்

ஒரு காட்டில் மரங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் ஒரு படகுத்துறை இருந்தது. துறையும் படகுகளும் ஒரு முதலைக்குச் சொந்தம். அங்கே கயிறு கட்டும் வேலை பார்த்தது சூசை என்கிற நண்டு. ஒருநாள் படகுக்கும் துறைக்கல்லுக்கும் நடுவில் அகப்பட்டு அதன் பெரிய கொடுக்கு முறிந்து கடலில் விழுந்தது.

கொடுக்கு இல்லாத நண்டுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இரையும் பிடிக்க முடியாது. "சாகும்வரை தினம் ஒரு மீன் முதலையைத் தரச் சொல்லுங்க ஐயா" என்று ஆமை நீதிபதியிடம் மனுப் போட்டது.

முதலைக்காக வந்தது நரி வக்கீல். முதலாளி பக்கம் தவிர வேறு பக்கம் நின்று அதற்குப் பழக்கமே இல்லை. கறுப்புக் கோட்டுக்கு வெளியே வால் பளபளவென்று தொங்கும். அதைச் சீவி முடிக்காமல் கோர்ட்டுக்கு வராது.

"கனம் கோர்ட்டார் அவர்களே, கொடுக்கு விழுந்தது கடலில். நண்டு நின்றது கரையில். இது கடல் கேஸா, கரைக் கேஸா?"

ஆமைக்கும் தெரியவில்லை. அதுவே இரண்டு இடத்திலும் குடியிருக்கிறது. அடுத்த அமாவாசைக்கு வாய்தா போட்டது.

அமாவாசையன்று நரி சொன்னது: "முறிந்தது நிஜமா என்று கம்பெனி டாக்டர் பார்க்கட்டும்."

கம்பெனி டாக்டர் ஒரு கொக்கு.

"ஐயா, அது என்னைத் தின்னுடும்!"

"மனுதாரர் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்" என்றது நரி. இன்னொரு வாய்தா.

இப்படியே எட்டு அமாவாசை. சூசை பாசியைச் சுரண்டித் தின்று உயிரை வைத்திருந்தது. நடுவில் ஒருநாள் ஓடு கழற்றியது. ஓடு கழற்றினால் நண்டுக்குப் போன உறுப்பு முளைக்கும். சின்னதாக ஒரு கொடுக்கு எட்டிப் பார்த்தது. சந்தோஷம் தாங்காமல் அதை ஆட்டிக்கொண்டே ஒன்பதாவது வாய்தாவுக்குப் போனது. அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

நரி இதற்காகத்தான் காத்திருந்தது. "காயம் காயம் என்கிறாரே, எங்கே காயம்?"

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் நரி குனிந்து கேட்டது: "வருத்தப்படாதே சூசை. புதுக் கொடுக்கு அழகாத்தான் இருக்கு. வேலை செய்யுமா?"

"பார்த்துச் சொல்றேன் வக்கீல் சார்."

ஒரே பிடி. பாதி வால் கொடுக்கோடு வந்துவிட்டது.

நரி ஊளையிட்டுக்கொண்டே உள்ளே ஓடி முதலையின் மேல் மனுப் போட்டது. முதலையின் வேலையாக வந்த இடத்தில் பட்ட காயம் அல்லவா? நண்டிடம் வாங்க என்ன இருக்கிறது?

இப்போது முதலைக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டது. நரியின் வாதங்களை ஒன்பது வாய்தாவும் உட்கார்ந்து கேட்டு மனப்பாடம் செய்த பிராணி காட்டில் ஒன்றுதான் உண்டு. என்ன சம்பளம் வேண்டும் என்று முதலை கேட்டது.

"தினம் ஒரு மீன்" என்றது சூசை.

அடுத்த அமாவாசைக்குக் கறுப்புக் கோட்டு போட்டுப் பக்கவாட்டில் நடந்து வந்து நின்றது.

"கனம் கோர்ட்டார் அவர்களே, போன உறுப்பு முளைக்கும். என் கேஸில் கண்ணால் பார்த்தீர்கள். வால் முளைக்கும்வரை வாய்தா வேண்டும்."

"நரிக்கு வால் முளைக்காதுய்யா!" என்று நரி கத்தியது.

"அதைக் கம்பெனி டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்."

கம்பெனி டாக்டரைச் சூசை மாற்றியிருந்தது. இப்போது ஒரு சிறுத்தை.

நீதி: காயம் பட்டால் ஆறவிடாதே. ஆறித் தொலைந்துவிட்டால், முதலாளிக்கு வக்கீலாகப் போய்விடு.