பொம்மைக்குப் பதினான்கு நாள்

ஏப்ரல் 9. நேற்று எழுதியதில் ஒரு பிழை. சிவப்புத் தாள் ஒட்டிய வீடுகள் பதினொன்று என்று குறித்திருந்தேன். பன்னிரண்டு. அக்கா வீட்டை எண்ணாமல் விட்டுவிட்டேன்.

இப்படி எழுதிவிட்டுத் தையல்காரி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறவள், சொந்த அக்காவையே கணக்கில் விடுவாளா?

ஊரில் காய்ச்சல் பரவி ஒரு மாதமாகிறது. காய்ச்சல் நிஜம். அதைப் பிடிக்க வந்த ஞானியைப் பற்றித்தான் பேச்செல்லாம். தெருமுனைத் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு மெத்தை போட்ட நாற்காலி. கையில் ஒரு நூல், நூலின் நுனியில் பித்தளைக் குண்டு. வருகிறவரின் வீட்டு எண்ணை எழுத்தர் உரக்கப் படிப்பார். ஞானி குண்டைத் தொங்கவிடுவார். நேராக ஆடினால் போகலாம். வட்டமாகச் சுற்றினால் கதவில் சிவப்புத் தாள். பதினான்கு நாள் வாசற்படி தாண்டக் கூடாது.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒருத்தி வெப்பமானியோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். பாவம், வெப்பமானிக்குத் தாடி இல்லை. கூட்டமெல்லாம் ஞானியிடம். வட்டார அதிகாரிக்கும் அவர்மேல் அப்படியொரு பக்தி. சிவப்புத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கட்டாகக் கொடுத்திருந்தார்.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பத்தாம் தேதி மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். குண்டுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது. சுற்றோ சுற்றென்று சுற்றியது. தாள் ஒட்டியபோது, அதே வீட்டில் இருக்கும் தங்கை தையல் கடையில் இருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அங்கேயே துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் தூக்கம்.

பன்னிரண்டு வீட்டு எண்களையும் வரிசையாக எழுதியபோது ஏதோ உறுத்தியது. பழைய பக்கங்களைப் புரட்டினாள். போன மாதம் அதிகாரிக்கு ஒரு மனு போயிருந்தது. 'தெருமுனையில் இந்தத் தடை எந்த உத்தரவின்படி? எந்தத் தேதி வரை?' இவ்வளவுதான் கேள்வி. அதை அழகாகப் படியெடுத்தது இவள். அக்காவைக் கையெழுத்துப் போட வைத்ததும் இவள். கையெழுத்திட்ட வீடுகள் பன்னிரண்டு. அதே பன்னிரண்டு.

தற்செயலாக இருக்கலாம் என்று எழுதினாள். அடித்தாள். மறுபடியும் எழுதினாள்.

கடை முதலாளிக்கு விஷயத்தைச் சொன்னதும் வியர்த்துவிட்டது. "உனக்கெதுக்கும்மா இந்த வம்பு? நாளைக்கு என் கதவுலயும் ஒட்டிட்டுப் போயிடுவான்."

"நான் தப்பாக் கணக்குப் போட்டிருக்கலாம்ணே. ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

சுகாதாரத் துறைக்காக அவர்கள் கடையில்தான் தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளை அங்கிகள் தைத்தார்கள். மாலையில் அவள் ஏழு அங்கிகளோடு தடுப்புக் கட்டைக்குப் போனாள், நர்ஸையும் துணைக்கு அழைத்துக்கொண்டு. அதிகாரியும் அங்கே இருந்தார். சுவருக்கு அப்பால் இருக்கும் காய்ச்சலும் தன் கண்ணுக்குத் தெரியும் என்று ஞானி முந்தாநாள் முழங்கியிருந்தார். அதையே பணிவாக நினைவூட்டினாள். ஏழு பேர் திரைக்குப் பின்னால் அங்கி மாட்டி உட்கார்ந்திருப்பார்கள், பிறகு திரை விலகும். வீட்டு எண் படிக்க வேண்டாம். ஐயாவின் சக்தியை ஊரே பார்க்கட்டும். கூட்டம் கைதட்டியது. ஞானியால் மறுக்க முடியவில்லை.

குண்டு முதல் மூவர் முன்னால் நேராக ஆடியது. நான்காவது ஆள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சொறிந்தார்கள், நெளிந்தார்கள். இவர் மூச்சுக்கூட விடவில்லை. ஞானியின் முகம் மலர்ந்தது. குண்டு பம்பரமானது.

"கடும் காய்ச்சல். உடம்புல தெம்பே இல்ல, பாருங்க. பதினாலு நாள்."

எழுத்தர் பேனாவைத் திறந்து பெயர் கேட்டார். பதில் இல்லை.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அரசாங்கம் கேட்டாப் பேர் சொல்லணும். வாயத் திறக்கலன்னா இன்னும் ஏழு நாள் சேர்த்துப் போடுவேன்."

அப்போதும் பதில் இல்லை. எழுத்தர் இருபத்தொன்று என்று திருத்தி எழுதினார்.

தையல்காரி அங்கியின் முகமூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு துணிப்பந்து. பந்துக்குக் கீழே கடையின் அளவுப் பொம்மை.

முதலில் நர்ஸ் சிரித்தாள். வரிசையில் நின்ற பால்காரர், "பொம்மைக்கே காய்ச்சல்னா நோய் எவ்வளவு பொல்லாதது பாரேன்" என்று பயந்தார். ஊரில் ஞானிகளுக்குப் பஞ்சமே வராது.

தையல்காரி சிரிக்கவில்லை. பன்னிரண்டு வீட்டு எண்களை ஒரு தடவை, மனுவில் இருந்த பன்னிரண்டை ஒரு தடவை, சத்தமாகப் படித்தாள். கூட்டம் மெல்ல ஞானியை விட்டுவிட்டு அதிகாரியைப் பார்க்கத் திரும்பியது. அவர் கைக்குட்டையைத் தேடினார். ஞானி குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவினார். பால்காரர் முதல் ஆளாக நர்ஸின் முன்னால் போய் நின்றார்.

அன்றைய குறிப்பை அவள் இப்படி முடித்தாள்:

பொம்மைக்குத் தலை இல்லை, அது கேள்வி கேட்காததில் நியாயம் உண்டு. பன்னிரண்டு வீட்டைத் தவிர, தலை உள்ளவர்கள் ஒரு மாதமாக ஏன் கேட்கவில்லை?

நாளைக்கு: காலை ஏழு மணிக்கு நர்ஸோடு பன்னிரண்டு வீட்டுக்கும் போய் வெப்பமானி வைக்க வேண்டும். அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மனுவை மறுபடி படியெடுக்க வேண்டும். இந்த முறை நானும் கையெழுத்துப் போட வேண்டும்.