ஒரு வாய் சுக்காவும் என் தவக்காலமும்

தவக்காலத்தில் நாற்பது நாளும் கறி தின்னாமல் இருந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் தின்கிறாரா என்று எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. கட்டிய புருஷன் என்றால் கேட்கவே வேண்டாம்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் ஞாயிற்றுக்கிழமையாகவே மதிக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்த வருஷம் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, "ஈஸ்டர் வரைக்கும் கறியத் தொட மாட்டேன் மேரி" என்றார். சாமியாரும் மகிழ்ந்துபோய், பெரிய வெள்ளியன்று தெருவில் போகும் சிலுவைப் பாதையில் சிலுவை சுமக்க அவர் பெயரை எழுதிக்கொண்டார். எத்தனையோ வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த பாக்கியம் அது.

மூன்றாவது வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். குப்பென்று சால்னா வாசம்!

நான் டீச்சர். பரீட்சை ஹாலில் எவன் பிட் வைத்திருக்கிறான் என்று அவன் உட்காரும் விதத்திலேயே கண்டுபிடிப்பவள் (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்). அன்றிலிருந்து துப்பறிய ஆரம்பித்தேன். தினமும் வேலை விட்டு வர முக்கால் மணி நேரம் தாமதம். ராத்திரி நாலு இட்லி தின்பவர் இரண்டோடு எழுந்துவிடுகிறார்.

"ஏங்க, பசிக்கலையா?"

"வழியில டீ குடிச்சேன் புள்ள."

டீயாம்! கள்ளத்தனமாகத் தின்றுவிட்டுச் சிலுவையைத் தூக்கி, அப்புறம் விஷயம் வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்காதா? நான் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பது? எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவி ஞானம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன். "கையும் களவுமாப் பிடிச்சிட்டா நானே சாமியார்ட்ட சொல்லி பேரை எடுத்துருதேன்" என்றார் அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவை என் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் அச்சகத்திலிருந்து வரும் வழியில், ஆமத்தூருக்குப் பிரியும் விலக்கில் ஒரு புரோட்டாக் கடை. வாசலில் அவர் வண்டி! உள்ளே என் புருஷன். அவருக்கு முன்னால் பிய்த்துப் போட்ட புரோட்டா, மேலே சால்னா, ஓரத்தில் சுக்கா.

"இதுதான் உங்க டீயா?" என்று நான் போட்ட சத்தத்தில் கல்லில் கொத்துப் புரோட்டா அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"மேரி, இது என்னுது இல்ல, பாண்டியோடது."

"எங்க பாண்டி? ஒரு ஈ காக்காயக் காணோம்!"

குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, கடைக்காரர் ஓடி வந்தார். "டீச்சர், கோவப்படாதீக. அது கறியே இல்ல, காளான்."

"யாருக்குக் காது குத்துறீக?" என்றபடி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நன்றாக மென்றேன். முழுங்கினேன். ஜெயித்த வேகத்தில் கத்தினேன்: "அக்கா, நீங்களே சாட்சி! கறிதான்! சுத்தமான ஆட்டுக்கறி!"

கை கழுவப் போயிருந்த பாண்டி ஈரக்கையோடு வந்து நின்றான். அச்சகத்தில் இவரோடு வேலை பார்ப்பவன். "டீச்சர், அது என் தட்டுல்ல?"

ஞானம்மாக்காதான் மெதுவாகக் கேட்டார்: "மேரி, முழுங்கிட்டியா? இன்னைக்குத் தவக்கால வெள்ளிக்கிழமைலா?"

"அண்ணாச்சி தெனமும் வருவாக டீச்சர்," என்றார் கடைக்காரர். "கூட வர்ற பாண்டி திங்கத பாத்துக்கிட்டே ரெண்டு டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சிப் போயிருவாக. நாங்களே கேலி பண்ணுவோம்."

"எதுக்குங்க இந்தக் கூத்து?" என்றேன்.

"ஆண்டவர் வனாந்தரத்துல சோதனையத் தாங்குனாருல்ல? கறி வாசமே இல்லாத வீட்டுல ஒக்காந்துக்கிட்டுத் திங்காம இருக்கது என்ன பெரிய தவம்?" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீயாவது நம்புவேன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். புருஷனைச் சந்தேகப்பட்டது, வெள்ளிக்கிழமை சுக்கா தின்றது, இரண்டையும் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு வந்த இருமல் இருமல்தானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

பெரிய வெள்ளியன்று என் வீட்டுக்காரர்தான் சிலுவை சுமந்தார். வழிநெடுக நின்று ஜெபித்த பதினாலு ஸ்தலத்திலும் நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போதும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கறியில் கை வைப்பதில்லை. முதல் துண்டு என் தட்டில்தான் விழும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர் ரொம்பப் பணிவாகக் கேட்பார்: "டீச்சர், கறியா காளானா? நீங்க தின்னு பாத்துச் சொன்னாத்தான் நாங்க நம்புவோம்."