மெத்தை விளம்பரமும் மாபெரும் இறுதிப்போட்டியும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ கேம் பொத்தானை அமுக்குவதைக் கோடிப் பேர் சோபாவில் சாய்ந்து பார்க்க வழி கண்டுபிடித்தது. அந்த மூன்றாவது சாதனையை உங்கள் வீட்டுக்கே கொண்டுவருவது எங்கள் கேபிள் சேனல். வர்ணனையாளர் அடியேன். விளையாட்டு எனக்குப் புரியாது. அதனால்தான் 'நடுநிலை' கெடாமல் கத்த முடிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதிப்போட்டி. ஒரு பக்கம் 'எரிமலை'. பொத்தானுக்கு ஓர் உறுமல் வீதம் உறுமுவதால் எங்கள் விளம்பரப் பிரிவின் செல்லப்பிள்ளை. மறுபக்கம் 'சுண்டுவிரல்'. மூச்சு விடுவதுகூட வெளியே தெரியாத பெண். கேமராவுக்காகச் சிரிக்கச் சொன்னால், ஜெயித்துவிட்டுச் சிரிக்கிறேன் என்பாள்.

அவளுடைய அப்பா அவர்கள் வட்டாரத்துக்குக் கேபிள் இணைப்புக் கொடுப்பவர். வீடு வீடாக எங்கள் சேனலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், சொந்தப் பெண் விளையாடுவதை மட்டும் உருப்படாத வேலை என்பார். கடைசியில் வீட்டில் ஒரு சமரசம் ஆனது. அவள் ஜெயிப்பதை டிவியில் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் அவர் வாயைத் திறக்க மாட்டார். இல்லையென்றால் அவள் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டு அத்தையின் துணிக்கடையில் போய் உட்கார வேண்டும். அரங்கத்துக்கு அழைத்தோம். டிவியில் பார்த்தால்தான் நம்புவேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். கேபிள்காரருக்குக் கேபிள்மேல் அவ்வளவு பக்தி.

கடைசிச் சுற்று. எரிமலையின் வீரன் திரையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். சரியாக அப்போது மெத்தை விளம்பரத்துக்கு நேரம் வந்தது. விளையாட்டை நிறுத்த முடியாது. மெத்தையை நிறுத்தக் கூடாது. நேயர்கள் எல்லாரும் ஒரு தொந்திக்காரர் குறட்டை விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுண்டுவிரல் ஜெயித்தாள். சிரிக்கவும் செய்தாள். நான் பார்த்தேன்.

உடனே மேடைக்குப் பின்னால் 'அவசர உயர்மட்டக் கூட்டம்'.

"பொண்ணு ஜெயிச்சுட்டா சார்," என்றார் நடுவர்.

"எங்க ஜெயிச்சா?" என்றார் நிலைய மேலாளர்.

"இங்கதான், நம்ம கண்ணு முன்னாடி."

"டிவியில ஜெயிச்சாளா?"

நடுவர் யோசித்துப் பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

பதிவையாவது போட்டுக் காட்டுங்கள் என்று கெஞ்சினாள் அந்தப் பெண். மேலாளர் பதறிப்போனார். திரையின் மூலையில் 'நேரலை' என்று எழுதியிருக்கிறது. முடிந்துபோனதைக் காட்டினால் நேயர்களை ஏமாற்றியதாகாதா? எங்கள் சேனலில் பொய்க்கு இடமில்லை. ஆகவே, நடந்ததை யாருக்கும் சொல்லாமல் அதே சுற்றை மறுபடி ஆடவைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

"அப்பா பார்த்துட்டு இருக்கார் சார்," என்றாள் என்னிடம்.

"அதனாலதாம்மா சொல்றேன், இன்னொரு தடவை ஜெயிச்சுடு," என்று தைரியம் சொன்னேன். டிவிக்காரனுக்கு இரக்கம் இல்லை என்று யார் சொன்னது?

இரண்டாம் முறை அவள் ஒரு பொத்தானைத் தப்பாக அமுக்கினாள். தோற்றாள். எந்த இடையூறும் இல்லாமல், எல்லாக் கேமராக்களிலும் நேரலையாகத் தோற்றாள். எரிமலை மேஜைமேல் ஏறி நின்று கத்தினான். அவனைவிட நான் கத்தினேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு விசித்திரமான புகார். அந்த வட்டாரத்தில் எங்கள் சேனல் நன்றாகத்தான் வருகிறதாம். யாராவது ஜெயிக்கப்போகும் நேரத்தில் மட்டும் படம் போய்விடுகிறதாம். மேலாளர் பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டு, அந்த அப்பாவுக்குப் போன் செய்தேன். லைனில் என்ன கோளாறு என்று விசாரித்தேன்.

"கோளாறெல்லாம் இல்லீங்க. இடைவேளை."

"எப்ப முடியும்?"

"எம் பொண்ணு முதல்ல ஜெயிச்சாளே, அதைப் போடுங்க. அன்னிக்கு முடியும்."

"அதை நீங்கதான் டிவியில பார்க்கலையே?"

"பார்க்கலை. அவ சொன்னா, போதும். சத்தமா பேசாதீங்க, உள்ள விளையாடிட்டு இருக்கா."

போனை வைத்துவிட்டார். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆசையா உட்கார்ந்திருக்கிற ஜனங்ககிட்ட, கடைசி நேரத்துல குறுக்க பூந்து ஆட்டத்தை மறைக்கிறதா? இவனெல்லாம் மனுஷனா?"

நூற்றுக்கு நூறு சரி என்றேன். யாரைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.